ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகு

ஒரு கொடுங்கோல் அரசின் கையில் விஷவாயுக் குண்டுகள் இருந்தால், மற்ற நாடுகள் கூடி அவற்றைப் பறிக்கலாமா? பறிக்கலாம். இதற்கு நீண்ட வாதம் தேவையில்லை. 1988 மார்ச் 16 அன்று, ஈரான் எல்லையோரம் ஈராக்குக்குள் இருக்கும் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மீது ஈராக் அதிபர் சதாம் உசேனின் விமானங்கள் ரசாயனக் குண்டுகளை வீசின. ஏறக்குறைய 5,000 பேர் செத்தார்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து நிலவறைகளில் ஒளிந்தவர்களும் தப்பவில்லை. காற்றைவிடக் கனமான அந்த வாயு தாழ்வான இடம் தேடி இறங்கியது. அதற்கு முன்பே ஈரானுடனான எட்டாண்டுப் போரில் கடுகு வாயுவும் டாபுன் என்ற நரம்பு நச்சும் பயன்படுத்தப்பட்டதை 1984இல் ஐ.நா. நிபுணர்கள் உறுதிசெய்திருந்தார்கள். இறையாண்மை என்பது ஒரு நாட்டு மக்களின் சொத்து; அந்த மக்களையே நச்சு வைத்துக் கொல்லும் ஆட்சியாளன் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது. ஆகவே, பறிக்கும் உரிமையைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது: பறிக்கிறவர்களுக்கு என்ன கடமை? ஆயுதத்தைக் கீழே வை என்று சொல்கிறவன், வைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வைத்த பிறகு அதைக் கொடுத்தும் ஆக வேண்டும். எதிரில் நிற்பவன் என்ன செய்தாலும் நிறைவேறாத நிபந்தனைக்கு அறத்திலும் சட்டத்திலும் இடமில்லை. ஈராக்கில் 1991 முதல் 2003 வரை நடந்ததை இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சதாமின் குற்றம் குறையாது. ஆனால் அவரை ஆயுதநீக்கம் செய்யப் புறப்பட்டவர்களின் குற்றமும் தெளிவாகத் தெரியும்.

குவைத் போர் முடிந்ததும், 1991 ஏப்ரல் 3 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 687ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பன்னிரண்டு நாடுகள் ஆதரித்தன, கியூபா எதிர்த்தது, ஏமனும் எக்வடோரும் வாக்களிக்காமல் விலகி நின்றன. அப்போது அவையில் இடம்பெற்றிருந்த இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. ரசாயன, உயிரியல் ஆயுதங்கள் எல்லாவற்றையும், 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஈராக் அழிக்க வேண்டும். அணுகுண்டுக்கு உதவும் பொருள்களை ஒப்படைக்க வேண்டும். எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலை 15 நாட்களில் தர வேண்டும். இதைச் சரிபார்க்க ஸ்வீடனைச் சேர்ந்த ரால்ஃப் எக்கேயுஸ் தலைமையில் ஒரு சிறப்பு ஆணையம் அமைந்தது. அணு விவகாரம் சர்வதேச அணுசக்தி முகமையிடம் போனது. தோற்ற நாட்டின் மீது இவ்வளவு விரிவான நிபந்தனைகளை ஐ.நா. அதற்குமுன் விதித்ததில்லை. அந்தத் தீர்மானத்தில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. அதன் 22ஆம் பத்தி, ஆயுதநீக்கம் தொடர்பான கடமைகளை ஈராக் செய்து முடித்துவிட்டது என்று அவை ஒப்புக்கொண்டவுடன், ஈராக்கின் ஏற்றுமதி மீதான தடை செல்லாததாகிவிடும் என்கிறது. அதாவது எண்ணெய் விற்கலாம், நாடு பிழைக்கலாம். தண்டனைப் பத்திரம் போலத் தோன்றினாலும் 687 ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கத்தில் கடமை, மறுபக்கத்தில் விடுதலை. அதன் அறவலிமை முழுவதும் இந்தப் பத்தியில்தான் இருந்தது.

ஆயுத ஆய்வு என்ற முறை அன்றைக்கு எவ்வளவு சாதித்தது என்பது பின்னால் வந்த போரின் புழுதியில் மறைந்துபோனது. சமாராவுக்கு அருகே பாலைவனத்தில் இருந்த அல் முதன்னா வளாகத்துக்கு நாடெங்கிலும் இருந்த ரசாயனக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் கொண்டுவரப்பட்டன. பல ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தன. பாலைவன வெயிலில், மூச்சுக்கவசமும் ரப்பர் உடையும் அணிந்த ஆய்வாளர்கள் அவற்றைத் துளையிட்டு, வடித்து, எரித்து, 1994 வரை அழித்தார்கள். 38,000க்கு மேற்பட்ட ரசாயன வெடிகலங்களும் சுமார் 690 டன் நச்சுப் பொருளும் இப்படிப் போயின. ஈராக் வாங்கியிருந்த 819 ஸ்கட் ஏவுகணைகளில் 817க்குக் கணக்குக் கிடைத்தது. இதைவிட வியப்பானது உயிரியல் ஆயுதத்தைக் கண்டுபிடித்த கதை. அப்படியொரு திட்டமே தாக்குதலுக்காக இருந்ததில்லை என்று நான்கு ஆண்டுகளாக ஈராக் சாதித்தது. ஆய்வாளர்கள் வெளிநாட்டு விற்பனை ரசீதுகளைத் திரட்டினார்கள். 1988ஐ ஒட்டி மட்டும் ஏறத்தாழ 40 டன் நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகம் அந்த நாட்டுக்குள் போயிருந்தது. மருத்துவமனைகளுக்கு வாங்கினோம் என்றார்கள். மருத்துவமனைப் பரிசோதனைக்கு அந்தத் தூள் சிறிய டப்பாக்களில் வரும். ஒரு நாட்டின் ஆண்டுத் தேவை சில நூறு கிலோவைத் தாண்டாது. இங்கே வந்தவையோ 25 கிலோ முதல் 100 கிலோ வரையிலான பீப்பாய்கள். ரசீதும் பீப்பாயும் சொன்ன சாட்சியை மறுக்க வழியின்றி, 1995 ஜூலையில் ஈராக் வாய்திறந்தது. கால்நடைத் தீவன ஆலை என்று சொல்லிக்கொண்டிருந்த அல் ஹக்கம் உண்மையில் ஆந்த்ராக்ஸ் வளர்த்த இடம். அடுத்த ஆண்டு அது தரைமட்டமாக்கப்பட்டது. ஒரு தோட்டாகூடச் சுடாமல், கணக்குப்பிள்ளையின் பொறுமையால் கிடைத்த வெற்றி இது.

சதாமின் ஆட்சி இந்த ஒப்பந்தத்தை நேர்மையாக நிறைவேற்றியதா? இல்லை. 1991 ஜூனில் பல்லூஜா அருகே யுரேனியம் பிரிக்கும் கருவிகளை லாரிகளில் ஏற்றிக் கடத்த முயன்றபோது, பின்தொடர்ந்த ஆய்வாளர்களின் தலைக்கு மேலே ராணுவத்தினர் சுட்டார்கள். செப்டம்பரில், அணுத்திட்ட ஆவணங்களைக் கையில் எடுத்த 44 ஆய்வாளர்களை ஒரு வாகன நிறுத்தத்தில் நான்கு நாள் மறித்து நிறுத்தினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அந்த ஆண்டுக் கோடையில் நடந்தது. மிச்சமிருந்த ஆயுதங்களில் பெரும்பகுதியை ஈராக் ரகசியமாகத் தானே அழித்தது. பார்த்த சாட்சி இல்லை. முறையான பதிவேடு இல்லை. ஆயுதமும் போயிற்று, ஆயுதம் போயிற்று என்பதற்கான ஆதாரமும் போயிற்று. 1995 ஆகஸ்டில் ஜோர்டானுக்குத் தப்பியோடிய சதாமின் மருமகன் உசேன் கமில் — ஆயுதத் திட்டங்களையே நடத்தியவர் — எல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது என்று ஐ.நா. அதிகாரிகளிடம் சொன்னார். அதே வாரங்களில் ஈராக் அரசு ஆய்வாளர்களை ஒரு கோழிப்பண்ணைக்கு அழைத்துப்போய், பெட்டி பெட்டியாக ஆவணங்களைக் காட்டி, இவற்றைக் கமில்தான் ஒளித்துவைத்திருந்தார் என்றது. பொய்யின் மேல் பொய்யாக அடுக்கியவன் கடைசியில் உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த அவநம்பிக்கையில் ஒரு பங்கு சதாம் சம்பாதித்தது. இதைச் சொல்லாமல் மறுபக்கத்தின் குற்றத்துக்குப் போவது நியாயமாகாது.

மறுபக்கத்தின் குற்றம் எங்கே தொடங்குகிறது? தீர்மானம் நிறைவேறி இரண்டு மாதம்கூட ஆகாத 1991 மே மாதத்திலேயே தொடங்குகிறது. சதாம் பதவியில் இருக்கும்வரை தடைகளை நீக்க விருப்பமில்லை என்று அதிபர் ஜார்ஜ் புஷ் — மூத்தவர் — அப்போது பகிரங்கமாகச் சொன்னார். 1997 மார்ச்சில் வெளியுறவுச் செயலாளர் மேடலின் ஆல்பிரைட் இன்னும் துல்லியமாகப் பேசினார்: பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான கடமைகளை ஈராக் நிறைவேற்றினால் தடைகளை நீக்கவேண்டும் என்று வாதிடும் நாடுகளோடு அமெரிக்காவுக்கு உடன்பாடில்லை என்றார். 22ஆம் பத்தியை இதைவிட வெளிப்படையாகக் கிழித்தெறிய முடியாது. 1998 அக்டோபரில் ஈராக்கில் ஆட்சிமாற்றத்தை ஆதரிப்பதை அமெரிக்கக் கொள்கையாக்கும் சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேறிய கையோடு நான்கு நாள் குண்டுவீச்சு நடந்தது. அடுத்த மாதமே, சிறப்பு ஆணையத்தின் மறைவில் அமெரிக்கா உளவு பார்த்தது அமெரிக்கப் பத்திரிகைகளிலேயே வெளியானது. இப்போது பாக்தாதில் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரியின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் காட்டினாலும் தடை நீங்காது. காட்டும் ஒவ்வொரு கட்டடத்தின் இருப்பிடமும் குண்டுவீச்சுப் பட்டியலில் சேரக்கூடும். மறைத்தாலும் இதே தண்டனைதான். ஒத்துழைப்பதற்கு இருந்த ஒரே நியாயமான காரணத்தை, ஒத்துழைப்பைக் கேட்டவர்களே பிடுங்கிவிட்டார்கள். கொடுங்கோலனுக்கும் அவனுடைய லாபநஷ்டக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நேராக்குவதுதான் ஆயுதநீக்கத்தின் வேலை.

அந்தத் தடைகளின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மருந்தும் உணவும் தடையில் சேராது என்று தீர்மானம் சொன்னது உண்மை. ஆனால் எண்ணெய் விற்க முடியாத நாடு அவற்றை எந்தப் பணத்தில் வாங்கும்? தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின், ஆயுதம் செய்யவும் பயன்படும் என்று கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தது. போரில் மின்நிலையங்களும் குடிநீர்க் குழாய்களும் நொறுங்கிய நாட்டில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளைக் கொல்லும் நோயாயிற்று. ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்ததாக அக்காலத்தில் உலகமெங்கும் பேசப்பட்ட எண்ணைப் பின்னாளைய ஆய்வுகள் ஏற்கவில்லை. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட 1999 கணக்கெடுப்பில் ஈராக் அரசு கைவைத்திருந்தது என்றே அவை காட்டின. எண்ணை விட்டுவிடலாம். 1996இல் தொலைக்காட்சிப் பேட்டியில் அந்த எண்ணைச் சொல்லி, இந்த விலை தகுமா என்று கேட்டபோது, தகும் என்றே தாங்கள் நினைப்பதாக ஆல்பிரைட் பதில் சொன்னார். பிற்பாடு அதற்காக வருந்தினார். அறத்தின் கண்ணோட்டத்தில், எண் பொய்யாக இருந்தாலும் அந்தப் பதில் மெய்யானதே: அவ்வளவு குழந்தைகள் இறந்திருந்தாலும் சரி என்று ஒரு அரசு முடிவுசெய்திருந்தது. எண்ணெய் விற்ற பணத்தில் உணவு வாங்கும் திட்டம் 1996 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை நடத்திய ஐ.நா. அதிகாரி டெனிஸ் ஹாலிடே 1998இல் பதவி விலகினார்; தடைகளை இனப்படுகொலை என்றே சொன்னார். அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக்கும் 2000இல் விலகினார். சதாமும் இந்தத் துயரத்தைத் தன் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தினார், அரண்மனைகளும் கட்டிக்கொண்டார். ஒரு கொடியவன் தன் மக்களைப் பிணையாக வைத்திருக்கிறான் என்பதற்காக, வெளியே இருப்பவர்களும் அதே மக்களைப் பிணையாக்கலாமா?

பொய்யனிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 687இல் கொடுத்த வாக்கு சதாமுக்கு மட்டும் கொடுத்ததல்ல. தடைக்குள் சிக்கியிருந்த சுமார் இரண்டு கோடி மக்களுக்கும், அந்த ஒப்பந்தத்தை நம்பி வாக்களித்த நாடுகளுக்கும், நாளை இதேபோல் ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லப்படப்போகும் ஒவ்வொரு அரசுக்கும் கொடுத்த வாக்கு அது. சதாமின் பொய், விடுதலையைத் தள்ளிப்போடக் காரணமாகலாம். ஒருபோதும் விடுதலை இல்லை என்று விதியை மாற்றக் காரணமாகாது. இல்லை, அப்படிப்பட்டவனை ஆட்சியிலேயே விட்டிருக்கக் கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. அது தனி வழக்கு. ஹலப்ஜாவுக்காகச் சதாமைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அவை கேட்டிருந்தால் அதற்குத் தனி ஆதாரம், தனி நீதிமன்றம், தனி விவாதம் இருந்திருக்கும். ஹலப்ஜா நடந்த ஆண்டில் ஈரானுக்கு எதிரான போரில் சதாமின் பக்கம் நின்ற தலைநகரங்கள் அந்த வழக்கைத் தொடுக்க விரும்பவில்லை. குற்றப்பத்திரிகையில் தங்கள் பெயரும் வந்துவிடும் என்ற கூச்சமாக இருக்கலாம். ஆகவே ஆட்சிமாற்றம் என்ற நோக்கத்துக்கு ஆயுதநீக்கம் என்ற முகமூடியை மாட்டினார்கள். முகமூடி போட்ட நோக்கத்தை யாரும் விவாதித்து ஏற்கவோ மறுக்கவோ முடிவதில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது வேறொன்று. மிரட்டல் இல்லாவிட்டால் ஈராக் எதையும் தந்திருக்காது. 2002இல் குவைத் எல்லையில் படைகள் குவிந்த பிறகுதானே ஆய்வாளர்கள் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள்? உண்மை. புதிய ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே இதை மறுக்கவில்லை. 2002 நவம்பர் 8 அன்று 1441ஆம் தீர்மானம் பதினைந்துக்குப் பதினைந்து வாக்குகளில் நிறைவேறியது. அந்த மாதம் 27ஆம் தேதி ஆய்வு தொடங்கியது. மூன்றரை மாதத்தில் 700க்கும் மேற்பட்ட சோதனைகள். அல் சமூத் 2 என்ற ஏவுகணையின் பாய்ச்சல் அனுமதிக்கப்பட்ட 150 கிலோமீட்டரைத் தாண்டியதைக் கண்டு, அழிக்கச் சொன்னார் பிளிக்ஸ். 2003 மார்ச் 1 முதல் நாள்தோறும் அவை நொறுக்கப்பட்டன. போர் தொடங்குமுன் சுமார் எழுபது ஏவுகணைகள் போய்விட்டன. தன்னைத் தாக்க எல்லையில் படை நிற்கும்போது கையில் இருக்கும் ஏவுகணையை உடைத்துப்போடுவது எந்தத் தளபதிக்கும் எளிதான காரியமல்ல. அசிசியா என்ற இடத்தில் 1991இல் தாங்களே உடைத்துப் புதைத்த ஆர்-400 ரகக் குண்டுகளின் துண்டுகளைத் தோண்டி எடுத்து, ஆய்வாளர்கள் முன் எண்ணத் தொடங்கினார்கள் ஈராக்கியர்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வைக்கத் தவறிய பதிவேட்டை மண்ணிலிருந்து மீட்கும் முயற்சி. மிரட்டல் பலித்துக்கொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதனால்தான் அதற்குப் பின் நடந்தது மன்னிக்க முடியாததாகிறது. செய்தால் விலக்கிக்கொள்ளப்படும் என்பதுதான் மிரட்டலுக்கு இருக்கும் ஒரே நியாயம். எஞ்சிய வேலைக்கு ஆண்டுகள் வேண்டாம், மாதங்கள் போதும் என்று மார்ச் 7 அன்று அவையில் சொன்னார் பிளிக்ஸ். மார்ச் 18 அன்று ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். மார்ச் 20 அன்று குண்டுகள் விழுந்தன.

இல்லாததை இல்லை என்று நிரூபிக்கும் சுமையை யார் சுமப்பது என்ற சிக்கலும் இதில் உண்டு. ஆயுதம் வைத்திருந்து பயன்படுத்திய வரலாறு உள்ளவன் தன் நிரபராதத்தைத் தானே காட்ட வேண்டும் என்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா அப்படிக் காட்டியது. தாங்கள் செய்துவைத்திருந்த ஆறு அணுகுண்டுகளைக் கலைத்துவிட்டதாக 1993 மார்ச்சில் அதிபர் டி கிளெர்க் நாடாளுமன்றத்தில் அறிவித்து, உற்பத்திப் பதிவேடுகளோடு கதவுகளைச் சர்வதேச முகமைக்குத் திறந்துவிட்டார். ஈராக்கிடம் அந்தப் பதிவேடும் இல்லை, அந்த மனமும் இல்லை. ஆனால் சந்தேகம் என்பது ஆய்வைத் தொடரக் காரணம், கொல்லக் காரணமல்ல. படையெடுப்பைக் கோரியவர்கள் அந்த நேரத்தில் சந்தேகம் என்று பேசவில்லை, உறுதி என்று பேசினார்கள். 2003 பிப்ரவரி 5 அன்று காலின் பவல் பாதுகாப்பு அவையில் நடமாடும் நோய்க்கிருமி ஆலைகளைப் படம் போட்டுக் காட்டினார். அது பெரிதும் ஒரே ஒரு தப்பியோடியின் கற்பனை என்பது பின்னர் வெளிப்பட்டது. நைஜரிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகச் சொன்ன ஆவணங்கள் போலி என்று முகமைத் தலைவர் எல்பராதே போருக்கு இரண்டு வாரம் முன்பே அவையில் சொல்லிவிட்டார். போருக்குப் பின் அமெரிக்காவே அனுப்பிய தேடுதல் குழு, ஆயுதக் கையிருப்பு 1991லேயே பெரும்பாலும் அழிந்துபோயிருந்தது என்று 2004இல் அறிக்கை தந்தது. ஈரானுக்குப் பயந்தே சதாம் சந்தேகத்தை முழுவதும் கலைக்காமல் வைத்திருந்தார் என்பதும் தெரிய வந்தது. அந்த நேரத்தில் ஈராக்கில் லட்சத்துக்குக் குறையாத பொதுமக்களின் சாவுக்கு வழிவகுத்த வன்முறை தொடங்கிவிட்டது.

ஆய்வை நம்ப முடியாது என்பவர்களுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஈராக்கிலேயே 1991க்கு முந்தைய பழைய ரசாயனக் குண்டுகள் ஆயிரக்கணக்கில் மண்ணிலிருந்து கிடைத்தன. அவற்றைக் கையாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குக் காயமும் பட்டது. சிரியா இன்னும் கசப்பான உதாரணம். 2013 ஆகஸ்டில் கூட்டா பகுதியில் சாரின் என்ற நரம்பு நச்சு வீசப்பட்ட பிறகு, தாக்குதல் மிரட்டலுக்கு இணங்கி அந்த நாடு சுமார் 1,300 டன் ரசாயனங்களைக் கையளித்தது. 2017 ஏப்ரலில் கான் ஷேக்கூனில் மீண்டும் சாரின் வீசப்பட்டது. கொஞ்சம் ஒளித்துவைத்திருந்தார்கள். ஆக, ஆய்வு முழுப் பாதுகாப்பைத் தராது. ஆனால் ஒப்பிட வேண்டியது ஆய்வையும் முழுப் பாதுகாப்பையும் அல்ல, ஆய்வையும் போரையும். 1,300 டன் சிரியாவிலேயே கிடந்து, பிறகு அந்த உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் கைமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும். 1981இல் இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் அணு உலையைக் குண்டுவீசி அழித்ததைப் பலரும் வெற்றியாகச் சொல்வார்கள். அதன் பிறகுதான் ஈராக்கின் அணுத்திட்டம் ஆய்வாளர்களின் கண்ணுக்கு எட்டாத இடங்களுக்குப் போய் வளர்ந்தது. கட்டடத்தை இடித்துவிடலாம். விஞ்ஞானி ஒருவரின் தலைக்குள் இருப்பதை இடிக்க முடியாது. கண்காணிக்க மட்டுமே முடியும்.

அணுகுண்டு வைத்திருப்பவர்கள் மற்றவர்களிடம் ஆயுதத்தைக் கேட்க என்ன தகுதி என்ற வாதமும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்பதே. பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் அணுகுண்டு வைத்திருப்பவர்கள் என்பது உண்மை. இந்தியாவும் அணுப்பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நாடு, ஆகவே இந்த வாதத்தை நாம் எடுக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். கேட்பவனின் போலித்தனம் ஹலப்ஜாவின் பிணங்களை உயிர்ப்பிக்காது. அந்த மக்களைக் கொன்ற ஆயுதத்தைக் கொன்றவனிடமே விட்டுவைக்கவும் அது காரணமாகாது. ஆனால் போலித்தனத்துக்கு விலை உண்டு. 687இன் 14ஆம் பத்தி, ஈராக்கின் ஆயுதநீக்கத்தை மத்திய கிழக்கு முழுவதையும் பேரழிவு ஆயுதங்களற்ற பகுதியாக்கும் பாதையில் ஒரு படி என்று குறிப்பிட்டது. அந்தப் படிக்கு அடுத்த படி எதையும் அவை எடுத்துவைக்கவில்லை. இஸ்ரேலின் அணு ஆயுதம் பற்றி அது எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. ஆகவே அரபு நாடுகளில் 687 ஒரு பொதுவிதியாகத் தெரியவில்லை, தோற்றவனுக்கு மட்டுமான விதியாகத் தெரிந்தது. தோற்றவனுக்கு மட்டுமான விதியை ஒருவன் பயத்தால் மதிப்பான். பயம் போனதும் மீறுவான்.

ஈராக்கில் வாக்கு மீறியதற்கான விலையை ஈராக்கியர்கள் மட்டும் கொடுத்து முடிக்கவில்லை. 2003 டிசம்பரில் லிபியாவின் கடாபி தன் அணு, ரசாயனத் திட்டங்களைக் கைவிடுவதாக அறிவித்து, யுரேனியம் செறிவூட்டும் கருவிகளைக் கப்பலேற்றி அனுப்பினார். 2011இல் பொதுமக்களைக் காக்கவென்று அவை தந்த அனுமதி ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. அந்த அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். கடாபிக்கு இரங்க வேண்டியதில்லை, அவர் தன் நகரங்களைத் தாக்கப் படை அனுப்பியவர்தான். ஆனால் லிபியாவின் அனுபவமே பாடம் என்று வடகொரிய வெளியுறவு அமைச்சகம் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிப்படையாகச் சொன்னது. அணுத்திட்டத்தை விட்டவன் வீழ்வான், வைத்திருப்பவன் நிலைப்பான் என்பதே அந்தப் பாடம். பிறகு ஈரான். 2015 ஜூலை ஒப்பந்தத்தின்படி அது யுரேனியச் செறிவை 3.67 சதவீதத்துக்குள் நிறுத்தியது. ஒப்பந்தம் கடைப்பிடிக்கப்படுகிறது என்று சர்வதேச அணுசக்தி முகமை மீண்டும் மீண்டும் சான்று தந்தது. 2018 மே 8 அன்று அமெரிக்கா விலகித் தடைகளைத் திரும்ப விதித்தது. ஒழுங்காக நடந்துகொண்டதற்குக் கிடைத்த பலன் அது. 2021இல் ஈரான் 60 சதவீதச் செறிவைத் தொட்டது.

எனவே ஆயுதநீக்கத்தைக் கேட்கும் எந்தத் தீர்மானத்திலும், நிறைவேற்றினால் தடை தானாகவே நீங்கும் என்ற பிரிவு இருக்க வேண்டும். நிறைவேறியதா என்பதை ஆய்வாளர்கள் சொல்ல வேண்டும், அதை ஒரு வல்லரசின் ஒற்றை வாக்கு தடுக்க இடமிருக்கக் கூடாது. வல்லரசுகள் இதை ஏற்குமா என்றால், இன்றைக்கு ஏற்காது. ஏற்காதவரை, ஆயுதத்தைக் கீழே வை என்று அவை சொல்லும்போது கேட்பவன் சிரிக்கத்தான் செய்வான். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கின. தாக்குதலுக்கு முந்தைய நாள்வரை அங்கே 60 சதவீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்ததை முகமையால் கிலோக் கணக்கில் சொல்ல முடிந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள். அந்தக் கையிருப்பு எங்கே இருக்கிறது என்று அதன் பிறகு முகமையால் உறுதிசெய்ய முடியவில்லை.